சத்தம் வராத குச்சி

மிலாறு விறகுக் கட்டுக்குள் அந்தக் குச்சி எப்படிப் போனது என்று யாரைக் கேட்பது? நிஷாந்தினியைக் கேட்கலாம். அவள் பேசினால்தானே. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து இராக்கம்மா தலைச்சுமையாகக் கொண்டுவந்து அடுப்போரம் அடுக்கியிருந்த தேயிலை மிலாறு ஒவ்வொன்றும் விரல் தடிமன், முழங்கை நீளம். ட்ரம் குச்சியும் விரல் தடிமன், முழங்கை நீளம். விடியாத இருட்டில், வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில், அடுப்புக்குள் எது போகிறதென்று எந்தப் பொம்பளை குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்?

பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்த பிறகுதான் அவள் பார்த்தாள். குச்சியின் நுனியில் இருந்த வெள்ளைக் குமிழ் உருகி ரொட்டிக்கல்லின் அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. வெறுங்கையால் இழுத்துப் போட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். பாதிக் குச்சி போய்விட்டது. மீதிப் பாதி கரியும் புகையுமாகத் தரையில் கிடந்தது.

"நாசமாப் போச்சு" என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விரல் கொப்பளித்ததுகூட அப்போது தெரியவில்லை.

ஒரு குச்சி எரிந்ததற்கு இப்படி உட்கார வேண்டுமா என்று வெளியாட்களுக்குத் தோன்றும். ஸ்பிரிங்வெளிப் பக்கத்து அந்தத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கும் தோன்றாது.

மகள் நிஷாந்தினிக்குப் பதினேழு வயது. பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் அதற்கு ஒரு பேர் சொன்னார். அந்தப் பேரை இராக்கம்மா மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பேரைத் தெரிந்துகொண்டால் மட்டும் யார் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? சின்னவளாக இருந்தவரை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போனாள். பெரியமனுஷியான பிறகு அங்கே சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள். புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனைப் பற்றிப் பேசி வாயை நாறடித்துக்கொள்வானேன்.

தனியாக விட்டால் நிஷாந்தினி நடக்கத் தொடங்கிவிடுவாள். எங்கே என்று கிடையாது. தேயிலைக்குள், ஆற்றோரம், லொறி வரும் ரோட்டு நடுவில். இராக்கம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது. பல நாள் போகாவிட்டால் குடியிருக்கும் காம்பராவையும் விடச் சொல்வார்கள். வேறு வழியில்லாமல் பழைய சேலையைக் கிழித்து மகளின் கணுக்காலைக் கட்டில் காலோடு கட்டிவிட்டுப் போனாள். இரண்டு வருஷம் அப்படித்தான் போனது. காலில் தழும்பு விழுந்தது. அந்தத் தழும்பைப் பார்க்காமல் இருப்பதற்காகவே குளிப்பாட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது தம்பி ஜெயகுமாரின் ட்ரம் செட். அவன் பதுளையில் ஒரு இசைக்குழுவில் வாசித்தவன். கோயில் திருவிழா, கலியாண வீடு என்று ஊவா மாகாணம் முழுக்கச் சுற்றியவன். குழு உடைந்து கட்டாருக்குப் போனபோது, வேறு இடமில்லாமல் சாமானை அக்கா வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். கரண்டில் வேலை செய்கிற ட்ரம். வட்ட வட்டமாகப் பேட்; அடித்தால் சத்தமெல்லாம் ஹெட்போனுக்குள்தான், வெளியே கேட்பது பேட்டில் குச்சி படுகிற டக்கு டக்கு மட்டும். அதை மாட்டிக்கொண்டு நிஷாந்தினி உட்கார்ந்த நாள்முதல் அவள் எழுந்து நடக்கவில்லை. காலையில் உட்கார்ந்தால் தாய் வரும்வரை அடிப்பாள். பசித்தால் மூடி வைத்த ரொட்டியைத் தின்பாள். மறுபடி அடிப்பாள். இராக்கம்மா சேலைக் கயிற்றை அவிழ்த்து அடுப்பில் போட்டாள். அன்று போட்டது தெரிந்தே போட்டது.

இப்போது போட்டது தெரியாமல் போட்டது.

நிஷாந்தினி எழுந்து வந்தாள். பேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வலது கையில் ஒரு குச்சியை எடுத்தாள். இடது கை மற்றதைத் தேடியது. கட்டிலுக்கு அடியில், தலையணைக்குக் கீழே, ஜன்னலில். கிடைக்கவில்லை. இடது கையை வாய்க்குக் கொண்டுபோய்க் கடிக்க ஆரம்பித்தாள். ரத்தம் வரும்வரை கடிப்பாள் என்று இராக்கம்மாவுக்குத் தெரியும். ஒரு மிலாற்றை ஒடித்துக் கத்தியால் சீவிக் கொடுத்துப் பார்த்தாள். மகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கமாக வீசினாள்.

அன்றைக்குப் பெரட்டுக்குப் போகவில்லை. பக்கத்துக் காம்பரா தெய்வானையின் கதவைத் தட்டினாள். தெய்வானைக்கு மூட்டுவலி, பென்ஷன் வாங்கி வீட்டோடு இருப்பவள். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் கூரைவரை ஏறாத சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

"அக்கா, பதுளைக்குப் போயிட்டு வரணும். மதியத்துக்குள்ள வந்துருவேன். இவகிட்ட கொஞ்சம் ஒக்காந்துக்கங்க."

"என்னா, ஆஸ்பத்திரிக்கா?"

"குச்சி ஒன்னு அடுப்புல போயிருச்சுக்கா. கையக் கடிக்கிறா."

தெய்வானை முகத்தைச் சுளித்தாள். "அதான் காலையிலயே ஒரு நாத்தம். நான் என்னமோ எலியத்தான் சுட்டுட்டியோன்னு பாத்தேன். போனது நல்லதுக்குன்னு வச்சுக்கயேன் புள்ள. அந்த டக்கு டக்குக்கு எனக்கு மண்டைக்குள்ள ஆணி அடிக்குது."

"என்னாக்கா செய்ய. அது இல்லன்னா அவள மறுபடி கட்டித்தான் போடணும்."

"கட்டிப்போடச் சொல்லி நான் சொன்னனா? இந்தச் சத்தத்தப் பத்தித் தோட்டத் தலைவர்கிட்ட சொன்னதுக்கு எம்மேல ஒனக்குக் கோவம், தெரியும். எனக்குப் பிரஷர் இருக்கு. நானும் மனுஷிதான்." பிறகு குரலை இறக்கினாள். "போயிட்டு வா. நான் பாத்துக்கறேன். வாங்கறதுதான் வாங்குற, சத்தம் கொறஞ்சதா ஏதாச்சும் இருக்கான்னு கேட்டுப் பாரு."

எரிந்த பாதிக் குச்சியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு இராக்கம்மா பஸ் ஏறினாள். ஐப்பசி மழை பிடிக்கப்போகிற சமயம். மலையெல்லாம் பனிமூட்டம். வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்துக்கொண்டு பஸ் இறங்கியது. மரக்கறி மூட்டைகளோடு ஏறிய வெலிமடை ஆள் ஒருவர் அவள் மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். கரி வாசம் வந்திருக்கும். என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று இராக்கம்மா வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனாள்.

பதுளை பஜாரில் ரிப்கானின் கடை. ஸ்பீக்கர், மைக், போன் உறை, கிட்டார் கம்பி என்று கலந்துகட்டி விற்கிற கடை. ஜெயகுமார் குழுவில் இருந்த காலத்தில் சாமான் வாங்கியது அங்கேதான். ரிப்கான் பொட்டலத்தைப் பிரித்துக் கரிக்கட்டையைக் கையில் எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு என்னக்கா நடந்த?"

"அடுப்புல வச்சிட்டேங்க. வெறகுன்னு நெனச்சு."

ரிப்கான் சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஆரு அடிக்கிற? மகனா?"

"மகதாங்க. ஜெயகுமாரோட செட்டு. நான் அவனுக்கு அக்கா."

"ஆ, ஜெயகுமார்ட அக்காவா. அவர்ட செட் எனக்குத் தெரியும். பேட் மேல வல மாதிரி ஈக்கும், இல்லையா? அப்ப மரநுனிக் குச்சி எடுக்கவே வாணாம். மரம் சிராய் விட்டா வலையக் கிழிச்சிரும். நைலான் நுனிதான் சரி." குச்சியின் அடிப்பக்கம் எரியாமல் இருந்தது. அதில் அழிந்துபோன எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்து வாசித்தார். "அஞ்சு ஏ. நடுத்தரத் தடிமன். ஈக்குது."

கட்டோடு குச்சிகளைக் கொண்டுவந்து கண்ணாடி மேசையில் பரப்பினார். இராக்கம்மா கட்டாருக்கு வட்ஸப்பில் போன் எடுத்தாள். ஜெயகுமார் வேலையிடத்தில் இருந்தான். பின்னால் ஏதோ மெஷின் இரைந்தது.

"அக்கா, ஒவ்வொன்னா கண்ணாடி மேல உருட்டிப் பாரு. நேரா உருண்டா சரி. ஆடிக்கிட்டு உருண்டுச்சின்னா வளஞ்சிருக்குன்னு அர்த்தம், எடுத்துறாத."

உருட்டினாள். முதல் குச்சி நொண்டிக்கொண்டு ஓடியது. அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவது வழுக்கிக்கொண்டு போய் மேசை ஓரத்தில் நின்றது.

"இனி ரெண்டையும் ரெண்டு கையில தூக்கிப் பாரு. ஒரே பாரமா இருக்கணும். ஒன்னு கூடக் கொறைய இருந்தா நிஷா வீசிருவா."

தூக்கிப் பார்த்தாள். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கையில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. எல்லாக் குச்சியும் ஒன்றுபோலவே இருந்தன. தன் கைக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அவளுக்கு அவமானமாகக்கூட இருந்தது. ரிப்கான் மாவு நிறுக்கிற சின்னத் தராசைப் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கிவந்து, ஒவ்வொன்றாக வைத்து, ஒத்த பாரத்தில் இரண்டைப் பொறுக்கிக் கொடுத்தார்.

"அல்லாட காவல், இத வீச மாட்டா" என்றார்.

இராக்கம்மா உடனே எழுந்திருக்கவில்லை. "சத்தம் கொறஞ்சதா எதுவும் இருக்குங்களா? பக்கத்து வீட்டுல ஏசுறாங்க. லயந்தானே, எல்லாம் கேக்கும்."

"அதுக்கும் ஈக்குதுக்கா." இழுப்பறையிலிருந்து சின்னப் பெட்டியொன்றை எடுத்தார். உள்ளே கறுப்பு ரப்பர்த் தொப்பிகள். குச்சி நுனியில் ஒன்றை மாட்டி மேசையில் அடித்துக் காட்டினார். விரலால் தட்டுகிற அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. "பேட்டுக்கும் நல்லம். ஹெட்போன்ல எல்லாம் அப்பிடியே கேக்கும். வெளியால மட்டும் கேக்காது. அடுத்த ஊட்டு ஆக்களுக்குப் புள்ள ஊட்டுல ஈக்குதா இல்லையான்னே தெரியாது."

ரிப்கான் நல்ல மனுஷன். அந்த வார்த்தையைச் சந்தோஷமாகச் சொன்னார், இராக்கம்மாவும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டாள். ஜெயகுமாரும் போனில், "அதையும் மாட்டிக் குடுக்கா, நல்லது" என்றான். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவளாக அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். வரும்போது தெய்வானைக்கு நாலு வாழைப்பழம் வாங்கிக்கொண்டாள்.

நிஷாந்தினி புதுக் குச்சியை வீசவில்லை. தொப்பியைக் கொஞ்சநேரம் மோந்து பார்த்தாள், பல்லில் வைத்துக் கடித்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். கைகள் ஏறி இறங்கின. காம்பராவுக்குள் எந்தச் சத்தமும் இல்லை. சத்தமில்லாமல் அப்படி அவள் அடிப்பதைப் பார்க்க இராக்கம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அடுத்த நாள் மலையிலிருந்து வந்தபோது தெய்வானை தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"இன்னைக்கு மத்தியானம் தூங்கினேன் புள்ள. எத்தன வருஷத்துக்கப்பறம். மண்டைக்குள்ள அப்பிடி ஒரு அமைதி."

"சாப்புட்டீங்களா நீங்க?"

"சாப்புட்டுட்டேன். இது ஒனக்கும் புள்ளைக்கும். நான் தலைவர்கிட்ட சொன்னத மனசுல வச்சிக்காத."

"அதெல்லாம் இல்லக்கா." உண்மையிலேயே அவள் மனதில் எதுவும் இல்லை. இவ்வளவு நல்ல நாட்கள் இந்த லயத்தில் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கங்காணிகூட ஒருநாள், "என்னா இராக்கம்மா, மொகம் தெளிஞ்சிருக்கு" என்றார். கூடை நிறையப் பறித்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். பக்கத்து நிரையில் பறித்தவள் கிண்டல் பண்ணினாள்.

அடுத்த கிழமை மழை பிடித்தது. சும்மா மழை இல்லை, ஐப்பசிக்கே உரிய, மலையைக் கரைத்துக்கொண்டு இறங்குகிற மழை. இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு, தலையில் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு அவர்கள் மேல்மலையில் பறித்தார்கள். விரல் மரத்துப் போனது. அட்டை ஏறிய காலைப் பார்க்கக்கூட நேரமில்லை. அன்று வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோருக்கும் இருந்தது, யாரும் கேட்கவில்லை. கேட்டால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் விழும். கொழுந்து நிறுக்கும்போது யாரோ, கீழே லயத்தில் மத்தியானத்திலிருந்தே கரண்டு இல்லையாம் என்றார்கள். இராக்கம்மா கூடையைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

கதவு திறந்து கிடந்தது. ஹெட்போன் ஸ்டூலின்மேல் இருந்தது. குச்சி இரண்டும் இல்லை. ரொட்டி மூடியபடியே இருந்தது.

"அக்கா! தெய்வானக்கா!"

தெய்வானை போர்வையோடு வெளியே வந்தாள். தூங்கி எழுந்த முகம்.

"நிஷா எங்க?"

"உள்ளதான இருக்கா. நான்... உள்ளதான இருக்கான்னு..." காலியாகக் கிடந்த காம்பராவைப் பார்த்தாள். "சத்தம் இல்லையே புள்ள. எப்பவும்தான் சத்தம் இல்லையே. எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கரண்டு போனது தெரியாதா ஒங்களுக்கு?"

"தூங்கிட்டேன் புள்ள. முந்தியெல்லாம் கரண்டு போனா அந்த டக்கு டக்கு நிக்கும். நின்ன ஒடனே நான் எட்டிப் பாப்பேன். கதவுகிட்ட வந்து நிப்பா. இந்தா உள்ள போய் ஒக்காருன்னு ரொட்டித் துண்டு ஒன்ன கையில குடுத்து, கதவச் சாத்திட்டு வருவேன். எத்தனையோ தடவ. ஒங்கிட்ட சொன்னதில்ல. நீ ஒருத்தி மலையில கெடந்து சாகுற, இதையும் சொல்லுவானேன்னு சொல்லல. இப்ப எப்ப நிக்குதுன்னு எனக்கு எப்பிடிப் புள்ள கேக்கும்?"

மகளைக் காவல் காத்தது ட்ரம் செட் என்றுதான் இராக்கம்மா இத்தனை நாள் நினைத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தலைவலியோடு ஒருத்தி காது கொடுத்துக் கிடந்தது அவளுக்குத் தெரியாது. அந்தக் காதைத்தான் அவள் பஜாருக்குப் போய், பார்த்துப் பார்த்து, அடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

லயமே திரண்டது. ஆண்கள் மண்வெட்டியோடும் டோர்ச்சோடும் இறங்கினார்கள். சிலர் ஆற்றுப் பக்கம், சிலர் ரோட்டுப் பக்கம். "நிஷா, நிஷாந்தினி" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். மழை அந்தச் சத்தத்தைத் தின்றது.

"பேரச் சொல்லிக் கூப்புடாதீங்க" என்றாள் இராக்கம்மா. "அவ திரும்ப மாட்டா. தட்டுங்க. தகரத்த எடுத்துத் தட்டுங்க. தட்டினா அவளும் திருப்பித் தட்டுவா."

அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். குழந்தைகள் அவள் ஜன்னலில் தட்டி விளையாடியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு ஓடிப் போய்த் தட்டும் வாளியும் மண்ணெண்ணெய்த் தகரமும் எடுத்து வந்தார்கள். தெய்வானை மூட்டுவலியை மறந்து, ரொட்டிக்கல்லைத் தூக்கிக்கொண்டு அகப்பையால் அடித்துக்கொண்டே வந்தாள். நாலாம் நம்பர் மலைப் பாதை நெடுக ஒரு ஊர்வலம் போல அடித்துக்கொண்டு போனார்கள். கொஞ்சம் அடிப்பார்கள், நிறுத்துவார்கள், காது கொடுப்பார்கள். மழை. மறுபடி அடிப்பார்கள், நிறுத்துவார்கள். மழை.

"இந்தப் பக்கம் இல்லம்மா" என்றார் முன்னால் போனவர். "இருந்தா தட்டியிருக்குமே. வாங்க, ஆத்துப் பக்கம் பாப்போம்."

எல்லோரும் திரும்பினார்கள். இராக்கம்மா மட்டும் திரும்பவில்லை. நுனியில் ரப்பர் மாட்டிய குச்சி. அவள் தட்டினால் இவர்களுக்கு எப்படிக் கேட்கும்?

"தட்டியிருப்பா" என்று கத்தினாள். "தட்டினாலும் கேக்காது. அந்தக் குச்சியில சத்தம் வராது. எறங்கிப் பாருங்க, எல்லாத் தண்ணிக் கானையும் எறங்கிப் பாருங்க."

பெற்றவள் பதற்றத்தில் பேசுகிறாள் என்று நினைத்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. மேலே எங்கோ மண் சரிகிற சத்தம் கேட்டது. இனி ஆட்களை நிறுத்தி வைக்க முடியாது என்று தலைவர் சொன்னார். இரண்டு பேர் இராக்கம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. போன வருஷம் அதே சரிவில் ஒரு குடும்பமே புதைந்தது.

விடிந்ததும் கான் வெட்டுகிற ஆள் ஒருவர்தான் கண்டார். நாலாம் நம்பர் மலையில், அவர்கள் அடித்துக்கொண்டு போன பாதைக்கு நேர் கீழே, தேயிலை மறைத்த ஆழமான கான். வழுக்கி விழுந்திருக்கிறாள். வலது கால் கல்லிடுக்கில் சிக்கி முறிந்திருந்தது. இரவெல்லாம் தண்ணீர் அவள்மேல் ஓடியிருக்கிறது. உடம்பு எப்போதோ குளிர்ந்துவிட்டது.

இராக்கம்மா வருவதற்குள் மேலே தூக்கிக் கிடத்தியிருந்தார்கள். யாரோ படங்கொன்றை விரித்துப் போர்த்தப் போனார்கள். அவள் அவர்களைத் தள்ளிவிட்டு மகள் பக்கத்தில் குந்தினாள். முகத்து மண்ணைத் துடைத்தாள். கால் பக்கம் பார்க்கவில்லை. விரல்கள் குச்சியை விடவில்லை, இரண்டு கையிலும் இறுக்கமாக இருந்தது. ஒரு குச்சியில் ரப்பர்த் தொப்பி இல்லை, அதற்கடியில் இருந்த நைலான் குமிழும் உடைந்து வெறும் மரம் பிளந்து நின்றது. மற்றதில் ரப்பர் கிழிந்து ஒரு நூலில் தொங்கியது. கானுக்குள் அவள் கிடந்த இடத்துக் கல்லில், தலைமாட்டில், கறுப்புக் கறுப்பாக ரப்பர் தேய்ந்த கோடுகள்.

ரொட்டிக்கல்லைக் கையில் வைத்தபடியே தெய்வானை வந்து நின்றாள். நேற்றிலிருந்து அவள் அதைக் கீழே வைக்கவில்லை போலும்.

"இந்தப் பக்கமாத்தான புள்ள அடிச்சிக்கிட்டுப் போனோம். அவ்வளவு பேரும் அடிச்சமே. அவளுக்குக் கேட்டிருக்காதா?"

இராக்கம்மா தொங்கிய ரப்பரைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"கேட்டிருக்குக்கா" என்றாள். "அவளுக்குக் கேட்டிருக்கு."